எருமைக்கும் ஒரு வணக்கம்

அமலநாதன் எருமைக்கு வணக்கம் சொன்னார்.

கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் மடங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு சொன்ன முறையான வணக்கம். எருமை காதை ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடியும் புல்லில் வாயை வைத்தது.

“கிராணியாரே, அது மலாய்க்காரர் பாக் மாட் வீட்டு எருமை,” என்றான் பின்னால் வந்த செல்லப்பன்.

“இருக்கட்டும்,” என்றார் அமலநாதன், நிமிராமலே.

“எருமைக்கு எதுக்குங்க கும்பிடு?”

“சிப்பாயா இருந்திருந்தா?”

செல்லப்பன் யோசித்துப் பார்த்தான். ஜப்பான்காரன் வந்த பிறகு ஜொகூரில் பல கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் போயிருந்தது. இதுவும் அதில் ஒன்றாகப் போகட்டும் என்று மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தான்.

அமலநாதன் பெக்கோக்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால் வெட்டு நின்று, ஆபீஸ் கதவில் யாருக்கும் புரியாத எழுத்தில் ஒரு பலகை தொங்க ஆரம்பித்த பிறகு, டவுனில் அரிசிக் கிடங்கில் எழுதப் போய்க்கொண்டிருந்தார். அரிசிக் கிடங்கு என்று பெயர்தான். உள்ளே இருந்தது மரவள்ளிக் கிழங்கு. சாயங்காலம் அதில் கொஞ்சத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அவரும் அவர் மனைவி பியாட்ரிஸும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கிழங்கில்தான்.

தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவே ஆறு. ஆற்றின்மேல் மரப்பாலம். பாலத்தின் இந்தப் பக்கத்தில் ஒரு காவல் கொட்டகை, அதில் ஜப்பான் சிப்பாய். கடந்து போகிறவர்கள் சிப்பாயைக் கண்டதும் நின்று, குனிந்து வணங்கிவிட்டுப் போக வேண்டும். குனியாதவனுக்குக் கன்னத்தில் அறை. திரும்பத் திரும்பக் குனியாதவனுக்குச் சயாம்.

சயாம் என்றால் ரயில் பாதை போடுகிற வேலை. பெக்கோக் ஸ்டேஷன் வழியாகச் சரக்கு வண்டிகள் வடக்கே போகும். கதவு இடுக்கில் விரல்கள் தெரியும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பியாட்ரிஸின் தம்பி ரபேல் அப்படி ஒரு வண்டியில் போனவன். போனவனைப் பற்றி ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பியாட்ரிஸ் வீட்டில் சயாம் என்று சொல்வதில்லை. ‘அந்தப் பக்கம்’ என்பாள்.

அமலநாதனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. கையில் இருக்கும் காகிதத்தில் எறும்பு நடந்தால் அதன் காலைக்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவார். கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் உலகம் தண்ணீர் பட்ட மை. கண்ணாடி இருந்தவரைக்கும் அது ஒரு குறையாகவே அவருக்குத் தோன்றவில்லை. பிறகு பாலத்துக்குப் புதுச் சிப்பாய் வந்தான். குனிந்தவர் நிமிர்வதற்குள் அறை விழுந்தது. கண்ணாடி கிராதியைத் தாண்டி ஆற்றுக்குள் போய்விட்டது.

“நான் ஒழுங்காத்தான் குனிஞ்சேன்,” என்றார் அன்று வீட்டில், வீங்கிய கன்னத்தோடு.

“ஒழுங்காக் குனிஞ்சவரை எதுக்கு அடிக்கிறான்?”

“பத்தலைன்னு நெனச்சானோ என்னமோ.”

“முதுகு வலின்னு அரைகுறையாக் குனிஞ்சிருப்பீங்க. கோயில்லயே நீங்க முட்டி போடுற லட்சணம் எனக்குத் தெரியாதா?”

அமலநாதன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அவர் முட்டி போடுகிற லட்சணம் அவருக்கும் தெரியும்.

சிகாமாட்டில் இருந்த கண்ணாடிக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அமலநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். சிப்பாய் யார், சிப்பாய் அல்லாதது எது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் பாலத்துப் பக்கம் நிமிர்ந்து நிற்கிற எல்லாவற்றுக்கும் குனிந்துவிடுவது.

எருமைக்குக் குனிந்தார். வாழைமரத்துக்குக் குனிந்தார். ஆற்றங்கரையில் சிப்பாய்களின் துணியை வெளுக்கும் கிருஷ்ணம்மாவுக்குக் குனிந்தார். ஜப்பான்காரன் துணியைத் தொடுகிறவள் என்று ஊரில் அவளோடு யாரும் பேசுவதில்லை. அவளுக்கு அன்று கிடைத்த ஒரே மரியாதை அதுவாகத்தான் இருக்கும். அவளும் சோப்புக் கையோடு எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டாள். அதை அமலநாதன் பார்க்கவில்லை.

பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் காளியம்மா அமலநாதன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“அம்மா, உங்க வீட்டுக்காரரு என்னைப் பாத்தா நின்னு குனியிறாரு. மொத நாளு சும்மா விட்டேன். இன்னைக்கு எம் புருசன் பாத்துட்டாரு. ‘கிராணியாரு உனக்கு எதுக்குடி குனியிறாரு’ன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?”

“அவரு எல்லாருக்கும் குனியிறாரு காளியம்மா,” என்றாள் பியாட்ரிஸ். “என்னைத் தவிர.”

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு காலை, தார்ச் சடக்கு ஓரத்து மைல்கல்லைப் பார்த்து அமலநாதன் தாராளமாகக் குனிந்து நின்றபோது, சிப்பாய் அவருக்கு நேர் பின்னால் நின்றிருந்தான். மைல்கல்லுக்கு முகம் காட்டினால் பின்னால் நிற்பவனுக்கு எதைக் காட்ட வேண்டியிருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

அறை இந்த முறை மறு கன்னத்தில் விழுந்தது.

அந்தப் புதுச் சிப்பாய்க்கு ஊரில் மோப்பம் என்று பெயர். மற்ற சிப்பாய்களைப் போல நின்ற இடத்திலிருந்து அவன் கத்தமாட்டான். நடந்து வந்து, முகத்தை முகத்தோடு ஒட்டி, கண்ணை இடுக்கி, மூக்கு மூக்கில் இடிக்கும்படி பார்ப்பான். மனசுக்குள் மரியாதை இருக்கிறதா என்று மோந்து பார்க்கிறான் என்றார்கள். ஒருநாள் வண்டிக் காளையைக்கூட அவன் அதட்டினான். மாடும் குனிய வேண்டுமாம், அவ்வளவு திமிர் என்று ஊர் பேசிக்கொண்டது.

“கிராணியாரே, நான் ஒரு வழி சொல்றேன்,” என்றான் செல்லப்பன். “நாம ரெண்டு பேரும் ஒண்ணா நடப்போம். சிப்பாய் எதிர்ல வந்தா நான் இருமறேன். இருமல் கேட்டா நீங்க குனிஞ்சிருங்க.”

“இருமலுக்கு அவன் கோவிச்சுக்க மாட்டானே?”

“இருமக் கூடாதுன்னு அவங்க இன்னும் சட்டம் போடலீங்க.”

நல்ல வழியாகத்தான் இருந்தது. செல்லப்பன் சுருட்டுக்குப் பதிலாகக் காய்ந்த பப்பாளி இலையைப் புகைக்கிறவன் என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மழைச்சாரல். தோட்டத்து முனையிலேயே செல்லப்பனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அமலநாதன் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி இருமல். மறுபடி குனிந்தார்.

“இன்னும் இல்லீங்க, இது வேற…” என்று சொல்லவந்த செல்லப்பனை இருமல் விடவில்லை.

பாலத்தை நெருங்கும்போது ஒருவன் நாய் குரைப்பதுபோல் இருமிக்கொண்டும், ஒருவர் நெல் குத்துவதுபோல் குனிந்து நிமிர்ந்துகொண்டும் வந்தார்கள். மோப்பம் வெளியே வந்தான். செல்லப்பனிடம் கிட்டே போனான், அமலநாதனிடம் கிட்டே வந்தான், மறுபடி செல்லப்பனிடம் போனான். பிறகு இருவருக்கும் ஆளுக்கு ஓர் அறை கொடுத்து, தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னான். வெயில் வந்தது. மழை வந்தது. மறுபடி வெயில் வந்தது.

“செல்லப்பா,” என்றார் அமலநாதன் கல்லுக்கு அடியிலிருந்து.

“என்னோட பேசாதீங்க,” என்றான் செல்லப்பன். ஆச்சரியம், அதற்குப் பிறகு அவன் ஒருமுறைகூட இருமவில்லை.

இந்தக் கதை லயத்துக்குப் போனதும் காளியம்மா ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். துரை பங்களாவைச் சூறையாடியபோது அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருள். உள்ளே துரையின் தங்கச் சட்டக் கண்ணாடி.

“இதைப் போட்டுக்கிட்டு எனக்குக் குனியாம இருக்கச் சொல்லுங்கம்மா, போதும்,” என்றாள்.

அமலநாதன் போட்டுப் பார்த்தார். கையைப் பார்த்தார், கட்டைவிரல் கிழங்கு மாதிரி தடித்துத் தெரிந்தது. தூரத்தைப் பார்த்தார். இதுவரை மங்கலாகவாவது இருந்த தூரம் இப்போது இல்லவே இல்லை.

“எப்படி இருக்கு?” என்றாள் பியாட்ரிஸ்.

“புதுசுல்ல. பழகினா சரியாப் போகும்.”

கண்ணாடி என்றால் கண்ணாடிதான், எல்லாம் ஒன்றுதான், நாள் போனால் கண் அதற்குத் தக்கபடி வழிக்கு வரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மறுநாள் பாலத்தை நோக்கி நடந்தபோது தரை அவர் முழங்கால் வரைக்கும் எழும்பி வந்தது. கொக்கைப் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனார். மோப்பம் வந்து மூக்கை ஒட்டினான். தங்கச் சட்டத்தைக் கண்டதும், “இங்கிரிஸ்!” என்று உறுமினான். அதைப் பிடுங்கித் தன் மூக்கில் மாட்டி, துரை மாதிரி கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, என்ன கோபமோ, ஆற்றில் வீசி எறிந்தான். அப்புறம் வழக்கமானது நடந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸர் ராஜசேகரன் கன்னத்துக்கு ஈரத் துணி வைத்தார். மருந்து தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. ஈரத் துணிதான் எல்லாவற்றுக்கும்.

“அந்தக் கண்ணாடியில எழுத்து பெருசாத் தெரிஞ்சுதா, சின்னதாத் தெரிஞ்சுதா?”

“பெருசா. ரொம்பப் பெருசா.”

“அப்ப அது கிழவனுங்க படிக்கிற கண்ணாடி. உங்க நோய்க்கு நேர் எதிர்.” டிரெஸர் தன் முஷ்டியை மூடிக் காட்டினார். “பயாஸ்கோப்பு பாத்திருக்கீங்கல்ல? முன்னால மெசின், பின்னால திரை. கண்ணும் அப்படித்தான். உங்க கொட்டகை நீளமாப் போச்சு. படம் திரைக்கு வர்றதுக்கு முன்னாலயே கூடிடுது. திரைக்கு வந்து சேர்றப்ப கலைஞ்சு போகுது. கிட்ட இருக்குற பொருளுன்னா படம் பின்னால தள்ளி விழும், அதனால தெரியுது.”

“அப்ப துரை கண்ணாடி?”

“அது நடுவுல தடிப்பு. படத்தை இன்னும் முன்னால இழுத்துப் போட்டுடும். உங்களுக்கு வேண்டியது நடுவுல மெலிசு, ஓரத்துல தடிப்பு. அது படத்தைப் பின்னால தள்ளித் திரையில ஒட்ட வைக்கும். அதைப் பிடிச்சுப் பாத்தா எழுத்து சின்னதாத் தெரியும். அதான் அடையாளம்.”

“பழகினா கண்ணு சரியாகாதா?”

“கொட்டகைச் சுவரு பழகினா குட்டையாகுமா கிராணி?”

அமலநாதன் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார். தன் மண்டைக்குள் வருஷக்கணக்காகப் படம் திரைக்கு வந்துசேராமல் நடுவழியிலேயே விழுந்துகொண்டிருக்கிறது என்பதை நினைக்க அவருக்கு அந்தப் படத்தின்மேல் பரிதாபமாக இருந்தது.

டிரெஸர் பழைய சிகரெட் பெட்டியின் அட்டையை எடுத்து, ஊசி போடுகிற ஊசியால் நடுவில் ஒரு துளை குத்தினார். “மருந்துதான் இல்லை, ஊசிக்குப் பஞ்சமில்ல. இதுவழியாப் பாருங்க.”

அமலநாதன் கண்ணில் வைத்துப் பார்த்தார். சுவரில் இருந்த பல்லிக்கு வால் வந்தது.

“அலமாக்!” என்று வியந்தார்.

“சின்னத் துளை, கண்டபடி வர்ற வெளிச்சத்தைத் தடுத்துரும். கண்ணாடி கிடைக்கிற வரைக்கும் ஓட்டுங்க.”

மறுநாள் அட்டையின் துளைக்குள் பாலம் தெரிந்தது. பலகை பலகையாகத் தெரிந்தது. கொடிக்கம்பம் தெரிந்தது. கொட்டகை வாசலில் கால்பட்டி சுற்றிய ஒரு சிப்பாய் நிற்பது தெரிந்தது. மாதங்களுக்குப் பிறகு ஒரு முழு மனிதனைத் தூரத்தில் பார்த்த மகிழ்ச்சியில் அமலநாதன் நின்று, நிதானமாக, அழகாகக் குனிந்தார். அவர் வாழ்நாளிலேயே சிறந்த வணக்கம் அதுதான்.

ஒரு துளை வழியாக ஒரு ஆளைத்தான் பார்க்க முடியும். துளைக்குள் தெரிந்தது காவல் மாற வந்த வேறொரு சிப்பாய். துளைக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில் நின்றது மோப்பம்.

அட்டையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மொழிபெயர்க்கிற மணியத்தை டவுனிலிருந்து வரவழைத்தார்கள். மணியம் ஜப்பான் சண்டைக்கு முன்னால் தையல் மெசின் விற்றவர். ஜப்பான் மொழியையும் மெசின் விற்ற அதே வேகத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்.

“பாலத்தை வேவு பாத்தியான்னு கேக்குறான்.”

“இல்லீங்க. அந்தச் சிப்பாயைத்தான் பாத்தேன்.”

“அவனை எதுக்குப் பாத்தியாம்?”

“குனியறதுக்கு.”

“குனியறதுக்கு எதுக்கு அட்டை?”

“யாருக்குக் குனியறதுன்னு தெரிய வேணாமா?”

மணியம் பெருமூச்சு விட்டார். “இதை நான் அப்படியே சொன்னா உன்னை இங்கேயே குத்திருவான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கிராணி, கண்ணு தெரியலைன்னு மட்டும் வாய் திறந்துராதே. வேலைக்கு ஆகாதவனத்தான் மொதல்ல வண்டியில ஏத்துறாங்கன்னு பேச்சு.”

பிறகு ஜப்பான் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். மோப்பம் அதைவிட நீளமாகப் பதில் சொன்னான். முடிவில் அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“கேட்டுக்க. இதான் கடைசி. இன்னொரு தடவை நீ சரியாக் குனியலைன்னா அறை கிடையாது. நேரா ஸ்டேஷன். சயாம் வண்டி.”

“நான் வேலைக்கு வராம இருந்துட்டா?”

“கிடங்கு வேலையை விட்டு நிக்கிறவனையும் அதே வண்டியிலதான் ஏத்துறாங்க லா.”

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் பியாட்ரிஸ் செபம் சொன்னாள். நடுவில் நிறுத்திவிட்டாள். கிழங்கு ஆறியது.

“அந்தப் பக்கம்…” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சாமியார் வராத மாதா கோயிலில் தோட்டத்துச் சனங்கள் தாங்களே பாடி முடித்தார்கள். வழக்கமாக செபம் நடத்துகிற உபதேசியார் லூயிஸ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி டொரத்தி எல்லாரும் போகிற வரைக்கும் காத்திருந்து அமலநாதனிடம் வந்தாள். முந்தானையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தாள். வட்டக் கண்ணாடி. ஒரு காதுப்பக்கம் நூல் சுற்றியிருந்தது.

“பியாட்ரிஸ் சொன்னா. அவரோடயே வச்சுப் பொதைக்கணும்னு நெனச்சேன். அன்னைக்கு அவசரத்துல மறந்து போச்சு.”

அமலநாதன் செபப் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியை அதன்மேல் பிடித்தார். எழுத்து சின்னதாகியது. விரலால் தடவினார். நடுவில் மெலிசு, ஓரத்தில் தடிப்பு.

“உங்களுக்கு வேணாமா டொரத்தி?”

“அவரு அதுல பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டாருங்க. நீங்க போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முதலில் இலைகள் வந்தன. பால்மரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக, யாரோ கத்தரித்து ஒட்டியதுபோல. அவற்றுக்கு அப்பால் மலை. மலையின் மேல் ஒரு பறவை. அது இத்தனை நாளும் அங்கேதான் பறந்துகொண்டிருந்ததா?

பிறகு மனிதர்கள் தெரிந்தார்கள்.

பக்கத்தில் வந்தால் முகம் அவருக்கு எப்போதும் தெரியும். தூரத்தில் ஆள் முழுசாக நடந்து போவதைத்தான் அவர் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. மங்கலில் எல்லாரும் பழைய பருமனோடுதான் இருந்தார்கள். இப்போது கோயிலிலிருந்து லயத்துக்குப் போகிற பாதையில் குச்சி குச்சியாகக் கால்கள் போயின. சணல் சாக்கில் தைத்த சட்டைகள் போயின. செல்லப்பன் வேட்டியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தான். எல்லாருக்கும் முன்னால் ஒரு பெண் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அடிக்கு ஒருமுறை நின்று நின்று போனாள். யார் இந்தக் கிழவி என்று அமலநாதன் யோசித்தார்.

அவள் திரும்பிப் பார்த்து, “என்ன, தெரியுதா?” என்றாள்.

பியாட்ரிஸ்.

“தெரியுது,” என்றார்.

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. மறுபடி போட்டுக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை காலை பியாட்ரிஸ் பாதை வளைவு வரைக்கும் கூட வந்தாள். அதற்கு அப்பால் வரவேண்டாம் என்று அவர் சொன்னார்.

“முதுகு வலின்னு பாதியில நிமிந்துராதீங்க.”

“மாட்டேன்.”

“மைல்கல்லு?”

“தெரியுது. அது மைல்கல்லு.”

“எருமை?”

“பாக் மாட் எருமை. அதுகூட இளைச்சுப் போச்சு.”

சிரிக்க முயன்றாள். அவர் நடந்தார். எருமையைத் தாண்டினார், குனியவில்லை. வாழைமரத்தைத் தாண்டினார். ஆற்றங்கரையில் கிருஷ்ணம்மா துணியை அடித்துப் பிழிந்துகொண்டிருந்தாள். கொட்டகை வாசலில் மோப்பம் நின்றான். அவன் ஒருவன்தான் நின்றான். முன்னாலும் பின்னாலும் வேறு யாரும் இல்லை என்பதை அமலநாதன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார். ஒரு மாட்டுவண்டி நீளம் இடைவெளி விட்டு நின்றார். தொப்பியைக் கழற்றினார். கைகளை ஒட்டினார். குனிந்தார். முதுகில் ஒரு நரம்பு கத்தியது. கத்தட்டும் என்று நின்றார்.

பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

மெல்ல நிமிர்ந்தபோது அந்த முகம் வழக்கம்போல மூக்கோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இத்தனை அறைகளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அமலநாதன் அதை அவசரமில்லாமல் பார்த்தார். சின்ன வயதுக்காரன். வெயிலில் தோல் உரிந்த மூக்கு. ஓரம் சிவந்து, இடுங்கி இடுங்கிச் சுருக்கம் விழுந்துவிட்ட கண்கள்.

அந்தக் கண்கள் அவர் முகத்தில் எதையோ கண்டு அப்படியே நின்றன.

கை உயர்ந்தது. அமலநாதன் கண்ணை மூடிக்கொண்டார். ரபேலை நினைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளைவில் நிற்கிறவளை நினைத்தார். அறை விழவில்லை. இரண்டு கைகள் மெதுவாக, மிக மெதுவாக, காதுப்பக்கத்து நூல்கூட இழுபடாமல், கண்ணாடியைக் கழற்றின.

கண்ணைத் திறந்தார். உலகம் மறுபடியும் கரைந்துபோயிருந்தது. பூட்ஸ் சத்தம் தூரப் போனது. வேறு சத்தம் இல்லை. பக்கேரோ என்ற வழக்கமான வசவு உறுமல்கூட இல்லை. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது. ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு வண்டி ஊதியது. சரி, ஆளை வரச்சொல்லப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

கொட்டகைக்குப் பக்கத்தில் காக்கி நிறத்தில் ஏதோ அசைந்தது. குனிந்தார். அது நகரவில்லை. இன்னும் ஆழமாகக் குனிந்தார். காற்று அடித்தது. காக்கி இரண்டு கையையும் தூக்கியது. அமலநாதன் தலை முழங்காலைத் தொடும் வரைக்கும் குனிந்துவிட்டார்.

“ஐயா,” என்றது பக்கத்தில் ஒரு பெண் குரல். கிருஷ்ணம்மா, ஈரத் துணிக் கூடையோடு. இதுவரை அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. “அது அவன் சட்டைங்க. நான்தான் காயப் போட்டிருக்கேன்.”

அமலநாதன் நிமிரவில்லை. “அவன் எங்க? சயாம் வண்டிக்கு ஆள் கூப்பிடப் போயிருக்கானா?”

“வண்டியாவது ஒண்ணாவது! இங்க வந்த வாரமே மூஞ்சி கழுவுறப்ப தன் கண்ணாடியை ஆத்துல விட்டுட்டு, யாரு குனியிறா யாரு நிமிந்து போறான்னே தெரியாம அத்தனை பேரையும் அறைஞ்சுக்கிட்டிருந்தவனுங்க அவன்; இப்பத்தான் உங்க கண்ணாடியப் போட்டு அந்த மலையைத் தெளிவாப் பாத்துக்கிட்டு நிக்கிறான், சத்தம் போடாமப் போயிருங்க.”